முப்பத்தோராம் இலக்கத்தின் இரண்டு கோடுகள்

"முப்பத்தோராம் நம்பர் பொம்பிளை இருபத்தெட்டாம் நாள் ஆம்பிளையா மாறியிருக்கிறா, அங்கிள்."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் சிரிக்காமல்தான் சொன்னாள். மன்னார் மலேரியா கந்தோரின் முன்னறை. காலை ஒன்பதரை. வலன்ரைன் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மெதுவாகத்தான் கீழே வைத்தார். ஆனாலும் அதை வைத்த சத்தம் அவருக்குக் கோயில் மணி போலக் கேட்டது.

"என்ன மிஸ், பகிடி விடுறீங்களோ?"

"பகிடி இல்லை. இதைப் பாருங்கோ."

அவள் பெயர் ஸுஹறா. வயது இருபத்தைந்து. கொழும்பில் ஒரு ஆய்வுகூடத்தில் மலேரியா ஒட்டுண்ணியின் மரபணுவைப் பிரித்துப் பார்க்கிறவள். சொந்த ஊர் மன்னாருக்குத் தெற்கே கொண்டச்சி. வளர்ந்தது புத்தளத்து அகதி முகாமில். சமாதான காலம் என்று பாதை திறந்து ஒரு வருடமாகிவிட்டது. அந்தத் தைரியத்தில் தனியாகப் பஸ் ஏறி வந்திருந்தாள். தோள்பையிலிருந்து ஒரு புகைப்படத்தையும், மண்ணிறக் கடதாசி உறை போட்ட ஒரு பெரிய கொப்பியையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

கொப்பியை வலன்ரைன் உடனே அடையாளம் கண்டார். அவருடைய கையெழுத்து. அவர் போட்ட உறை. தொண்ணூறாம் ஆண்டு தை மாதம்.

அதற்கு முன்னும் பின்னும் அவர் எத்தனையோ வேலை செய்திருக்கிறார். ஆனால் முப்பத்தொரு வருடச் சேவையில் எது இனித்தது என்று கேட்டால், அந்த இருபத்தெட்டு நாட்கள்தான். ஒரு படை போய் அடுத்த சண்டை தொடங்காத இடைவெளி அது. மாரி மழை விட்டு, தேங்கிய தண்ணீரெல்லாம் நுளம்பு பெருகி, வீட்டுக்கு வீடு காய்ச்சல். குளோரோகுவின் குளிசை இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு வைத்தியர் குழு வந்தது. மன்னார்த் தீவில் நாற்பது நோயாளரைத் தெரிந்தெடுத்தார்கள். மூன்று நாள் குளிசை. முதல் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள், இருபத்தெட்டாம் நாள் என நாலு தரம் விரலில் குத்தி, ஒரு கண்ணாடிச் சிலைட்டில் கொஞ்சம், ஒரு வடிதாளில் மூன்று துளி. தாளைக் காயவிட்டு உறையில் போட்டு இலக்கம் எழுத வேண்டும்.

குத்தினவர் வலன்ரைன். சைக்கிள் அவருடையது, கால் அவருடையது. "நுளம்பு கடிச்ச மாதிரித்தான் இருக்கும், விரலைத் தாங்கோ" என்று நாற்பது வீட்டு வாசலிலும் சொன்ன வாயும் அவருடையது. மற்ற மாவட்டங்களில் பாதிப் பேர் இடையில் நின்றுவிட்டார்கள். மன்னாரில் ஒருவர் தவறவில்லை. 'நாற்பதில் நாற்பது' என்று பெரிய டொக்டர் எழுதிய பாராட்டுக் கடிதம் கண்ணாடிச் சட்டத்தில், இப்போதும் அவர் தலைக்கு நேரே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

"காய்ஞ்ச இரத்தத்தில இருந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகு என்னத்தை எடுப்பீங்கள்?" என்று கேட்டார், பேச்சை எங்காவது திருப்ப.

"எல்லாம் எடுக்கலாம். கிருமி செத்துப்போகும், அதின்ர மரபணு தாளில அப்படியே கிடக்கும். சின்னத் துண்டு ஒண்டை வெட்டி ஊறவைச்சு, வேண்டின இடத்தை மட்டும் கோடிக்கணக்காப் பெருக்கிப் பார்ப்பம்." கையால் ஒரு சிறு வட்டம் காட்டினாள். "அந்த மரபணுவில ஒரு இடத்தில ஒரேயொரு எழுத்து மாறியிருந்தால், அந்தக் கிருமி குளோரோகுவினை விழுங்கிப்போட்டுத் திருப்பித் துப்பிப்போடும். மருந்து உள்ள நிண்டால்தானே கிருமி சாகும்? அந்தத் துப்புற வாயை அடைக்கிற ஒரு புது மருந்தைத்தான் நாங்கள் தேடுறம். வாயை அடைச்சால் பழைய குளிசையே திரும்ப வேலை செய்யும்."

"கெட்டிக்காரர்."

"இன்னும் இல்லை. உங்கட நாற்பது பேரில பன்னிரண்டு பேரின்ர கிருமியில அந்த மாற்றம் இருக்கு. பதினொரு பேருக்கு இருபத்தெட்டு நாளுக்குள்ள அதே கிருமி திரும்ப வந்திருக்கு. சரியா நாங்கள் நினைச்ச மாதிரி. முப்பத்தொண்டு மட்டும் ஏறுக்கு மாறு. முதல் நாள் ஒரு கிருமி, கடைசி நாள் வேற ஒரு கிருமி. இது என்ன புதினம் எண்டு கிருமியை விட்டுட்டு ஆளைப் பார்த்தன்."

புகைப்படத்தை அவர் பக்கம் தள்ளினாள். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள், ஏணிப்படி போல.

"பொம்பிளையின்ர இரத்தமெண்டால் ஒரு கோடு. ஆம்பிளையெண்டால் ரெண்டு. இது நூர்ஜஹான், தாராபுரம், வயது பத்தொன்பது, முதல் நாள். ஒரு கோடு. ஏழு, பதினாலு, ரெண்டும் ஒரு கோடு. இது இருபத்தெட்டாம் நாள்."

இரண்டு கோடுகள். பக்கத்தில் பக்கமாக, பிடிபட்ட கள்வர் போல நின்றன.

"தாள் மாறிப்போச்சு, அங்கிள். எங்க மாறினது எண்டுதான் எனக்குத் தெரியவேணும். கொழும்பில பெட்டிக்குள்ள மாறியிருந்தால், இது ஒண்டுதான் மாறினது எண்டு நான் எப்படிச் சொல்லுவன்? நூற்றறுபது தாளையும் தள்ளி வைக்கவேணும் எண்டு பேராசிரியர் சொல்லிப்போட்டார். எங்களிட்ட அந்தக் காலத்து இரத்தம் வேற இல்லை. ரெண்டு வருச வேலை. தாள் போனால் தேடலும் போச்சு." அவள் அவர் கண்ணைப் பார்த்தாள். "நீங்கள்தான் எடுத்தனீங்கள். இஞ்ச ஏதும் மாறியிருக்குமோ?"

அடுத்த மேசையில் இருந்த சிங்கராசா தலையை நிமிர்த்தினான். சிலைட் பார்க்கிறவன், வருகிற வெள்ளிக்கிழமை வலன்ரைனின் பிரியாவிடைக்குக் கேக் ஓடர் கொடுத்தவனும் அவன்தான்.

"வலன்ரைன் அண்ணையின்ர கை பிழைக்கிற அண்டைக்குச் சூரியன் மேற்கில, தலைமன்னாரில உதிக்கும், மிஸ்! கொழும்பில போய்த் தேடுங்கோ."

வலன்ரைன் வாயைத் திறந்தார். முப்பத்தொரு வருடப் பழக்கத்தில் வாய் தன்பாட்டில் பேசியது.

"என்ர பதிவில பொய் இல்லை, மிஸ்."

அந்த இரண்டு கோடும் அவருடைய இரத்தம். அது அவருக்குத் தெரியும். அந்த அறையில் வேறு ஒருவருக்கும் தெரியாது.

"அப்ப நூர்ஜஹானையே கேட்பம்" என்றாள் ஸுஹறா. "இருக்கிறாவோ?"

"இருக்கிறா. போன வருசம் தாராபுரத்துக்குத் திரும்பி வந்திட்டா." எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பஸாரில் தூரத்தில் கண்டு சைக்கிளை வேறு ஒழுங்கையில் திருப்பிய கதையைச் சொல்ல வேண்டி வந்திருக்கும். "நாளைக்குக் காலமை கூட்டிக்கொண்டு போறன்."

*

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது மாக்கிறட் பின்வாசலில் இருந்து ஓராமீன் வெட்டிக்கொண்டிருந்தாள். புருஷனின் முகத்தை ஒருதரம்தான் பார்த்தாள்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி? பென்சன் இல்லையெண்டு சொல்லிப்போட்டாங்களோ?"

நேரே உள்ளே போனார். அலுமாரியின் மேல்தட்டில் அந்தோனியார் சுருவம். அதன் முதுகுக்குப் பின்னால் கையை விட்டார். இருமல் இனிப்பு வந்த பழைய தகரப் பேணி ஒன்று, இருந்த இடத்தில் இருந்தது. தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து மடுக் கோயிலுக்கு ஓடியபோது கதிரை, கட்டில், தையல் மெசின் எல்லாம் விட்டுவிட்டு ஓடினார்கள். இந்தப் பேணி அவருடைய சேட்டுப் பைக்குள் போய், சேட்டுப் பைக்குள் திரும்பி வந்தது.

"திரும்பவும் அந்தப் பேணியோ?" மீன் கையோடு மாக்கிறட் வாசலில் நின்றாள். "மடுவுக்கு ஓடின நாளில இருந்து நானும் பாக்கிறன், இப்பிடிப் பொத்திப் பொத்தி என்னை ஒருநாளும் வைச்சதில்லை. ஒருக்கால் திறந்து பாத்தனான் தெரியுமோ? காதல் கடிதமெண்டு நினைச்சு. உள்ளுக்க ஒரு கண்ணாடித் துண்டு! அழுறதோ சிரிக்கிறதோ தெரியேல்லை."

"அது ஒரு பொம்பிளையின்ர இரத்தம், மாக்கிறட்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "இருந்து சொல்லுங்கோ."

கட்டிலில் இருந்து சொன்னார். இதுவரை ஒருவருக்கும் சொல்லாத கதை. பாவசங்கீர்த்தனத்தில் கூட, 'வேலையில சின்னப் பிழை சுவாமி' என்று சுருக்கிக் கடந்த கதை.

தொண்ணூறு மாசி. முப்பத்தோராம் இலக்கத்துக்கு இருபத்தெட்டாம் நாள். முப்பத்தொன்பது பேர் முடிந்திருந்தார்கள், கடைசி நூர்ஜஹான்தான். தாராபுரத்து ஒழுங்கைக்குள் சைக்கிள் திரும்பும்போதே ஒலிபெருக்கிச் சத்தம். வாசலில் பந்தல். ஆட்டிறைச்சி வேகும் வாசம் தெருமுனைவரை. அன்று அவளுக்குக் கலியாணம்!

தாய் சரீபா வேலிப் படலையிலேயே மறித்தாள். "மலேரியாத் தம்பி, இண்டைக்கு மட்டும் வேணாம். பிள்ளைக்கு மருதோன்றி வைச்சிருக்கு. சிவந்த கையில இரத்தம் காட்டினால் ஆகாது எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவினம். மாப்பிள்ளை வீட்டுச் சனம் வேற நிக்குது. மூண்டு நாள் கழிச்சு வா ராசா, ரெண்டு விரலில எடு."

மூன்று நாள் கழித்து எடுத்தால் அது இருபத்தெட்டாம் நாள் ஆகாது. நாற்பதில் முப்பத்தொன்பது ஆகிவிடும். வாசலில் வைத்து அவருக்கு ஒரு கிண்ணத்தில் வட்டிலப்பம் தந்தாள் சரீபா. அதைத் தின்றுகொண்டே யோசித்தார். பிள்ளை குளிசை குடித்து ஒரு மாதம். முகத்தில் களை. காய்ச்சலின் சாடை கூட இல்லை. அவள் இரத்தம் சுத்தமாகத்தான் இருக்கும். என் இரத்தமும் சுத்தம்தானே. சுத்தத்துக்குச் சுத்தம், என்ன வித்தியாசம்?

கிணற்றடி மறைவில் நின்று, தன் இடக்கை மோதிரவிரலைத் தானே குத்தினார். ஒரு சிலைட். வடிதாளில் மூன்று துளி. 31.

அங்கேதான் விதி சிரித்தது. கந்தோரில் சிலைட்டைப் பார்த்தவன் 'கிருமி உண்டு' என்று எழுதினான்! ஊரெல்லாம் குத்தித் திரிந்தவரின் உடம்புக்குள் அவருக்கே தெரியாமல் மலேரியா இருந்திருக்கிறது. மறுநாள் மாலை குளிர் நடுக்கம் தொடங்கி, நாலு போர்வைக்குள்ளும் பல் அடித்தது. குளோரோகுவின் குடித்தார், மாறியது.

ஆறாம் நாள் சரீபா ஆள் அனுப்பினாள். புதுப்பெண்ணுக்குக் காய்ச்சல் திரும்பிவிட்டது. கால் தள்ளாடத் தள்ளாடச் சைக்கிள் மிதித்துப் போனார். இந்த முறை உண்மையாகவே அவள் விரலைக் குத்தி, சிலைட் எடுத்து, கந்தோரில் தானே பார்த்தார். கிருமி நிறைந்து கிடந்தது. ஆஸ்பத்திரி டொக்டரிடம் கெஞ்சி, வேறு மருந்து, ஒரே தரத்தில் விழுங்குகிற மூன்று குளிசை, வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். பிழைத்துவிட்டாள். ஆனால் அந்தச் சிலைட்டை எந்தப் பதிவில் எழுதுவது? இருபத்தெட்டாம் நாளுக்குப் பொய் இரத்தம் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பாராட்டுக் கடிதமும் தபாலில் வந்துகொண்டிருந்தது.

ஆனியில் சண்டை தொடங்கியது. ஐப்பசியில், ஆளுக்கொரு பொட்டலத்தோடு முஸ்லிம் சனத்தை இயக்கக்காரர் தீவை விட்டே துரத்தினார்கள். தாராபுரம் பூட்டாத கதவுகளோடு கிடந்தது. சிலைட் மட்டும் பேணிக்குள்.

மாக்கிறட் மீன் கையைச் சீலைத் தலைப்பில் துடைத்தாள். பிறகு சுருவத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"காணாமல் போன சாமானைத் தேடிக் குடுக்கிறவர் அந்தோனியார். ஊருலகத்தில ஒளிக்க இடமில்லாமல் அவற்ற முதுகுக்குப் பின்னாலயோ ஒளிச்சு வைச்சனீங்கள்? அதுதான் இந்தப் பிள்ளையைப் பஸ் ஏத்தி அனுப்பியிருக்கிறார்."

"வெள்ளிக்கிழமை பிரியாவிடை, மாக்கிறட். அந்தக் கடிதத்தைச் சிங்கராசா எல்லாருக்கும் வாசிக்கப் போறான்."

"மீன் கெட்டுப்போகுது" என்று அவள் எழும்பிப் போய்விட்டாள்.

*

மறுநாள் காலை ஓட்டோவில் போனார்கள். வலன்ரைன் மடியில் சாப்பாட்டுப் பை. பேணியை எடுத்து வருவதா விடுவதா என்று விடிய எழும்பி மூன்று தரம் அலுமாரி வரை நடந்து, விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்.

நூர்ஜஹானின் வீட்டில் பழைய சுவர் ஒன்றுதான் மிச்சம். அதில் சாய்த்துத் தகரக் கூரை இறக்கியிருந்தார்கள். கிணறு மட்டும் அப்படியே இருந்தது. வலன்ரைன் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்.

"அட, மலேரியா அண்ணன்!" முக்காட்டைச் சரிசெய்தபடி வந்தாள் நூர்ஜஹான். முப்பத்திரண்டு வயது. மூன்று பிள்ளைக்குத் தாய். சிரிப்பு மட்டும் பத்தொன்பது. "பஸாரில கண்டு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓடினீங்களே, திரும்பவும் குத்தச் சொல்லுவனெண்டு பயமோ? முடியெல்லாம் கொட்டிப் போச்சு உங்களுக்கு. வாங்கோ, இருங்கோ. உம்மா இருந்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பா. புத்தளத்தில மௌத்தாப் போயிட்டா."

ஸுஹறா தன்னை அறிமுகப்படுத்தினாள். கொண்டச்சி என்றதும் நூர்ஜஹான் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எந்த முகாம், எத்தனையாம் மைல் கட்டை என்று இரண்டு பேரும் ஐந்து நிமிடம் புத்தளத்தையே பேசினார்கள். அதற்குள் நூர்ஜஹான் அவளுக்கு அக்கா முறையில் 'தாத்தா' ஆகிவிட்டாள். பிறகு ஸுஹறா கொப்பியைத் திறந்தாள். தாள், கோடு, கொழும்பு, எல்லாவற்றையும் எளிமையாகச் சொன்னாள்.

"ஒரே ஒரு கேள்வி தாத்தா. கடைசித்தரம், இருபத்தெட்டாம் நாள், இவர் வந்தவரோ? நீங்கள் இரத்தம் குடுத்தனீங்களோ?"

நூர்ஜஹான் வலன்ரைனைப் பார்த்தாள். அவர் தன் முழங்காலைப் பார்த்தார். ஒரு காகம் தகரத்தில் நடந்தது.

"ஓம்" என்றாள் நூர்ஜஹான். "நான்தான் குடுத்தனான். இந்தா, இந்த விரல். கலியாணத்தண்டு மருதோன்றிக் கையில குத்திப்போட்டார் எண்டு உம்மா கூட ஏசினவ."

வலன்ரைன் தலையை நிமிர்த்தினார்.

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ தாத்தா. சத்தியமா?"

"பிள்ளைக்குத் தேத்தண்ணி ஊத்தட்டோ? சீனி கூடவோ குறையவோ?"

ஸுஹறா தலையைக் குனிந்தாள். கொப்பியின் அட்டையைத் தடவினாள். "அப்ப பிழை எங்கட பக்கம்தான். கொழும்பிலதான் பெட்டி குழம்பியிருக்கு." மெதுவாக மூடினாள். "திங்கக்கிழமை போய்ச் சொல்லுறன். நூற்றறுபதையும் எறியட்டும்."

காப்பாற்றிவிட்டாள் நூர்ஜஹான். வெள்ளிக்கிழமை கேக் வெட்டலாம். கடிதம் வாசிக்கலாம். சூரியன் தலைமன்னாரில் உதிக்கத் தேவையில்லை.

ஆனால் மூடிய அந்தக் கொப்பிக்குள் இருந்து ஒவ்வொருவராக எழும்பி வந்தார்கள். ஏழு, பக்கீர் காக்கா, விரலைக் குத்த முதல் எப்போதும் 'பிஸ்மில்லா' சொல்லி, குத்தின பிறகு கெட்ட வார்த்தை சொல்லுவார், இப்போது கற்பிட்டியில். பன்னிரண்டு, செபமாலை, ராமேஸ்வரம் போன வள்ளத்தில் ஏறினவன், கரை சேரவில்லை. இருபத்திரண்டு, ஆமினாக் கிழவி. 'என்ர இரத்தத்தை விக்கிறியோடா' என்று கேட்டுக் கேட்டே நாலு தரமும் கொடுத்தவள். இருபத்தாறு, பெற்றிசியா, கனடாவில். வேலிக்கு வேலி இருந்த சனம், ஒரே நுளம்பு கடித்த சனம், நாலு திசைக்கும் சிதறிப் போயிற்று. அந்த நாற்பது பேரும் இன்னமும் ஒன்றாக, வரிசை குலையாமல் இருக்கிற ஒரே இடம் கொழும்பில் ஒரு கடதாசிப் பெட்டி. அதைத்தான் திங்கட்கிழமை எறியப் போகிறார்கள். தன்னுடைய மூன்று துளிக்காக.

"மிஸ்" என்றார். "அவ பொய் சொல்லுறா."

"அண்ணன்!" நூர்ஜஹான் பாய்ந்தாள். "நான்தானே சொல்லிப்போட்டன், பிறகேன் வாயைத் திறக்கிறீங்க?"

"அது என்ர இரத்தம். அந்தா, அந்தக் கிணற்றடியில நிண்டு நானே குத்தினனான். அது ஒண்டுதான். மற்ற நூற்றைம்பத்தொன்பதும் அவரவர் இரத்தம். அதுக்கு நான் எந்தக் கோயில்லயும் சத்தியம் பண்ணுறன்."

ஸுஹறா எழும்பி நின்றுவிட்டாள். முகம் சிவந்தது. "நேற்று உங்களை முகத்துக்கு நேர கேட்டனே, அங்கிள்! பொய் இல்லை எண்டு சொன்னீங்களே! ரெண்டு வருசம்! நித்திரை இல்லாமல் அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்து, என்ர கையில பிழையோ, மெசினில பிழையோ எண்டு ஆறு தரம் திரும்பச் செய்தனான்!"

"ஏசு மகள். நல்லா ஏசு."

"ஏசாதீங்க பிள்ளை." நூர்ஜஹான் இடையில் வந்தாள். "கலியாணம் முடிஞ்சு ஆறாம் நாள் எனக்கு உயிர் போற காய்ச்சல். வீடு நிறைய மாப்பிள்ளை வீட்டாக்கள். நோய்க்காரியைக் கட்டிவைச்சிட்டாங்க எண்டு கதை வரப் பார்த்தது. இவர் தானே நடுங்கிக்கொண்டு வந்து, 'மலேரியாக் கணக்கெடுப்பு, புதுப் பொம்பிளைக்கெல்லாம் குளிசை குடுக்கிறம்' எண்டு வாசலில நிண்டு ஒரு பச்சைப் பொய் சொல்லித்தான் எனக்கு மருந்து தந்தவர். மாமியாரும் ஒண்டு கேட்டா, அவவுக்கு விட்டமின் குடுத்தவர்! அவர் எனக்காகச் சொன்னார். நான் அவருக்காகச் சொன்னன். அதுதான்."

ஸுஹறாவின் முகம் மாறியது. ஏச்சு நின்றது. "ஆறாம் நாளோ? காய்ச்சல் திரும்பினதோ? அப்ப மருந்து வேலை செய்யேல்லை..." உடனே தோள் தளர்ந்தது. "ஆனா அதே கிருமிதான் எண்டு காட்ட ஒண்டும் இல்லையே. அண்டைக்கு ஒரு சிலைட்டாவது எடுத்திருந்தால்..."

வலன்ரைன் கண்ணை மூடினார். இருக்கிறது. அலுமாரியில் இருக்கிறது. இதைச் சொல்ல வாயெடுத்தபோது, மடியிலிருந்த சாப்பாட்டுப் பைக்குள் ஏதோ தகரம் சாப்பாட்டுப் பெட்டியில் தட்டி 'டிங்' என்றது. கையை விட்டார். புட்டுப் பொதிக்குக் கீழே, பழந்துணியில் சுற்றி, பேணி! மாக்கிறட்டின் வேலை. அவர் மூன்று தரம் நடந்ததை அவள் படுத்திருந்தே எண்ணியிருக்கிறாள்.

மூடியைத் திறந்தார். பஞ்சுக்கு நடுவில் கண்ணாடி. நடுவில் ஒரு மங்கிய ஊதா வட்டம். ஓரத்தில் வைரப் பென்சிலால் கீறிய எழுத்து: 31. 21.02.90.

ஸுஹறா அதை இரண்டு கையாலும் வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இதில இருந்து எடுக்கலாமோ, மகள்?"

"எடுக்கலாம்." மூக்கை உறிஞ்சினாள். "சுரண்டி எடுக்கலாம். போதும்." பிறகு பையைத் திறந்து, கையுறை, ஸ்பிரிட் பஞ்சு, ஊசி, புத்தம்புது வடிதாள் எல்லாம் வரிசையாக எடுத்து வைத்தாள். குரலில் பழைய அதிகாரம் வந்திருந்தது. "சொன்னால் மட்டும் பேராசிரியர் நம்பார். அந்த ரெண்டு கோடு உங்கடதுதான் எண்டு நான் காட்டவேணும். விரலைத் தாங்கோ."

ஆயிரக்கணக்கான விரல் குத்திய வலன்ரைன் தன் விரலை நீட்டிவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

"பயப்படாதீங்க அண்ணன்" என்றாள் நூர்ஜஹான். "நுளம்பு கடிச்ச மாதிரித்தான் இருக்கும்."

மூன்று துளி. தாளில் சிவந்து, பரந்து, நின்றது.

நூர்ஜஹான் தன் இடக்கையையும் ஸுஹறாவின் முன்னால் நீட்டினாள். மருதோன்றி இல்லை. அடுப்புச் சூடு பட்ட தழும்பு ஒன்று இருந்தது. "என்ரையும் எடுங்கோ. அந்தச் சிலைட் நான்தான் எண்டு காட்டத் தேவைப்படும்தானே? உம்மா மூண்டு நாள் தவணை கேட்டவ. கொஞ்சம் பிந்திப் போச்சு."

காய்ந்துகொண்டிருந்த இரண்டு தாளுக்கும் பக்கத்தில் வலன்ரைன் கொப்பியை விரித்தார். சிவப்பு மையால் முப்பத்தோராம் வரியின் கடைசிக் கட்டத்தை ஒரு கோட்டால் வெட்டினார். 'இரத்தம் எடுக்கப்படவில்லை. இது எடுத்தவரின் இரத்தம்' என்று எழுதி, திகதி போட்டு, முழுப் பெயரையும் கையெழுத்தாக வைத்தார். சாப்பாட்டுப் பையிலிருந்த புட்டைப் பிறகு மூன்று பேரும் பகிர்ந்து தின்றார்கள்.

*

வெள்ளிக்கிழமை பிரியாவிடையில் கண்ணாடிச் சட்டம் சுவரில் இல்லை. அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, வலன்ரைன் தானே எழும்பிக் கதையைச் சொன்னார். கடைசியில் சிங்கராசாதான் கேக் கத்தியோடு எழும்பினான். "அப்ப நாற்பதில முப்பத்தொன்பது! மற்ற மாவட்டத்தில பாதிகூட இல்லை. வெட்டுவமோ அண்ணை, இல்லாட்டி இதையும் கிணற்றடியில கொண்டுபோய் வெட்டுவமோ?" சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. மேலதிகாரி கை கொடுக்காமல் போனார். கேக் நன்றாகத்தான் இருந்தது.

மூன்று மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. மாக்கிறட் தையல் மெசினுக்குப் பக்கத்தில் இருக்க, வலன்ரைன் சத்தமாக வாசித்தார்.

சிலைட்டில் இருந்ததும் முதல் நாள் தாளில் இருந்ததும் ஒரே கிருமி. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. இரண்டு கோடும் வலன்ரைன் அங்கிளுடையதுதான் என்பது உறுதி. மற்றத் தாள்களில் எல்லாம் ஆணும் பெண்ணும் கொப்பியில் உள்ளபடியே இருக்கிறார்கள், பெட்டி பத்திரம். துப்புகிற வாயை அடைக்க ஆறு சேர்மானங்களை எடுத்து வேலை தொடங்கிவிட்டோம். இரண்டு ஏற்கெனவே தோற்றுவிட்டன, நாலு மிச்சம். சிலைட்டை நூர்ஜஹான் தாத்தாவின் தாளோடு அதே பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். பின்குறிப்பு: உங்கள் கிருமியையும் பார்த்தேன், அங்கிள். அதில் அந்த மாற்றம் இல்லை. குளிசைக்கு அடங்கின நல்ல கிருமி.

"உங்கட உடம்பில கிருமியாவது சொல்வழி கேட்டுதே" என்றாள் மாக்கிறட், நூலைப் பல்லால் கடித்தபடி.

வலன்ரைன் கடிதத்தை மடித்தார். பழக்கத்தில் கை அலுமாரியின் மேல்தட்டுக்குப் போய், அந்தோனியாரின் முதுகுப் பக்கம் தடவியது. ஒன்றும் தட்டுப்படவில்லை.

"பேணி எங்கயப்பா?"

"இஞ்ச." மெசின் மேசையில் அது திறந்தபடி கிடந்தது. உள்ளே தையல் ஊசிகள். "ஊசி போட்டு வைக்கத் தோதா இருக்கு. உங்களுக்கு வேணுமோ?"

"இல்லை" என்றார். "நீ வைச்சிரு."